கடிகாரத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கொஞ்ச காலம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. வைத்தது நான்தான். மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

சித்தி தஞ்சாவூரில் நர்ஸ். முந்தைய வருடம் சித்தப்பா இறந்ததிலிருந்து எங்களோடு இருந்தாள். ஜெர்மனியில் ஒரு வேலைக்காக அந்த மொழியைப் படித்தாள். பேச்சுத் தேர்வில் ஒருமுறை தோற்றாயிற்று. மறுபடி தோற்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அந்த மொழியில் கடிகாரம், கதவு, விளக்கு, பை எல்லாம் பெண்பாலாம். மேசை ஆண். மறக்காமலிருக்க, பெண்பால் சாமான்களுக்கெல்லாம் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டேன். பெண்பால் சொல் ஒருமையில் அசையவே அசையாது. முன்னால் நிற்கும் குட்டிச் சொல்தான் வேற்றுமைக்குத் தக்கபடி டீ, டேர், டேர், டீ என்று மாறும். சித்தியோ விளக்கை, விளக்குக்கு என்று சொல்லிப் பழகிய வாயால் அந்த ஜெர்மன் சொல்லுக்கும் வால் ஒட்டிவிடுவாள்.

"அதுபாட்டுக்கு இருக்கறத ஏன்டி நோண்டுற?" என்று தங்கையைக் கேட்பாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

வயலிலிருந்து வந்த அப்பா கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு எப்ப கல்யாணம்?"

தேர்வுக்குச் சென்னை கிளம்பும் காலையில்தான் ஒரு விடுபடல் தெரிந்தது. சித்தி என்பதற்கான சொல்லும் பெண்பால். செருப்பு மாட்டக் குனிந்தவளின் வெறும் நெற்றியில் ஒரு பொட்டை ஒட்டினேன்.

அம்மா டிபன் டப்பாவோடு நின்றுவிட்டாள். "எடுத்துருடி. யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

சித்தியின் கை நெற்றிக்குப் போனது. எடுத்தால் கட்டாயம் ஃபெயில் என்று எனக்குத் தோன்றியது. அவள் எடுக்கவில்லை. விரலால் நன்றாக அழுத்திவிட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாம்மா" என்று அப்பா பைக்கை எடுத்தார்.

சில வாரங்கள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து சித்தியின் போன். "பாஸாயிட்டேன்க்கா." அம்மா போனோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளாக அடக்கிவைத்த மூச்சை வீடே விட்டது போலிருந்தது. அப்பா அசோகா அல்வா வாங்கத் திருவையாற்றுக்குப் பறந்தார். நான் கடிகாரத்தில் தொடங்கி எல்லாப் பொட்டையும் உரித்தேன்.

சாயங்காலம் வந்த சித்தியின் நெற்றியில் மட்டும் பொட்டு இருந்தது.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு சித்தி?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்துபோய், பிரிக்காத பொட்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவள் பைக்குள் வைத்தாள். ஜெர்மனியிலும் கதவு, விளக்கெல்லாம் இருக்குமே, அவற்றுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நான் அல்வாவைப் பிரித்தேன்.