மெர்வின் க்ரோஸியர் தலையாட்டிய விதம்

சந்தைக்கு விற்கப் போகிறவர் உண்டு, வாங்கப் போகிறவர் உண்டு. மெர்வின் க்ரோஸியர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. விற்காமல் திரும்பி வருவதற்கென்றே போகிறவர் அவர்.

வருஷா வருஷம் குளிர் முடிகிற சமயத்தில், வட அயர்லாந்தில், ஃபெர்மானா மாவட்டத்தின் எல்லையோரப் பண்ணையில் தன் பொலிகாளை பிரிகேடியரைக் குளிப்பாட்டி, வால் மயிரைச் சீவிவிட்டு, லாரியோடு கப்பலேற்றி ஸ்காட்லாந்துக் காளைச் சந்தைக்குக் கொண்டுபோவார். வெண்ணெய் நிறக் காளை. அது ஒரு பெருமூச்சு விட்டால் பக்கத்து ஊர்க் கொடியில் கிடக்கும் ஈரத்துணி காய்ந்துவிடும் என்பார்கள். நான் சொல்லவில்லை, மெர்வின்தான் சொல்வார். ஏலம் ஏற ஏற அவர் கூரையைப் பார்த்தபடி நிற்பார். கடைசி விலை விழுந்ததும் தலையை இடமும் வலமுமாக ஒரே ஒரு ஆட்டு. காளையை நடத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அடுத்த சந்தைவரை ஊருக்கு அதுதான் பேச்சு.

"இவ்வளவு தர்றேன்னான். போடா, உன் பணத்தை நீயே வச்சுக்கோன்னுட்டேன்."

அந்தப் பேச்சில் மயங்கித்தான் சுற்றுவட்டாரத்தார் தங்கள் பசுக்களைப் பிரிகேடியரிடம் ஓட்டி வந்தார்கள். ஆக, அந்தத் தலையாட்டலிலும் வருமானம் இருந்தது. ஏலத்தை அப்படி ஏற்றிவிட்டவர்கள் பெரும்பாலும் தெற்கு அயர்லாந்துக்காரர்கள் என்பதை மட்டும் மெர்வின் கவனித்ததே இல்லை.

கவனிக்க அவருக்கு மனசும் இல்லை. வீட்டு வாசல் கல்லுக்குக்கூடப் பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசி வைக்கிற வம்சம் அவருடையது. ஜூலை பன்னிரண்டாம் தேதி புராட்டஸ்டண்டுகளின் ஊர்வலத்தில் ஆரஞ்சுப் பட்டையைத் தோளில் மாட்டி, முரசுக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருப்பதா விலகுவதா என்று பிரிட்டன் வாக்கெடுத்தபோது, வைக்கோல் உருளைகளை அடுக்கி, 'விலகு' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தார். பண்ணையின் ஓரத்தில் ஓடும் ஓடைதான் எல்லை. ஓடைக்கு அந்தப்பக்கம், ஐரோப்பாவோடு நிற்கிற தனி நாடான தெற்கு அயர்லாந்தில், ஃபெலிம் மெக்கெனாவின் பண்ணை. அவர் கத்தோலிக்கர். வெகுநாள் அண்டைவீட்டார். எழுத்து அவர் கண்ணில் படும்படியாகவே வைக்கப்பட்டிருந்தது.

"வெளிய வந்துட்டா மாட்டிறைச்சி விலை வானத்துக்குப் போகும், பார்த்துக்கிட்டே இரு," என்று மெர்வின் ஓடைக்கு மேலாகக் கத்தினார். "இங்க நடுவுல உசரமா ஒரு வேலியும் வரும்!"

"ஏறும்யா, யார் இல்லைன்னா? கடையில ஏறும்," என்றார் ஃபெலிம். "உன் கொட்டகைக்கு அந்தச் சேதி வந்து சேராது, அவ்வளவுதான்."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனம் கெட வேண்டும் என்பார்களே, அப்படியொரு ஆனந்தத்தில் மெர்வின் வாக்குப் போட்டுவிட்டு வந்தார்.

வேலியும் வந்தது. ஆனால் ஓடையில் போட்டால் பழைய மதச்சண்டையின் ரத்தம் கிளம்பும் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, அதைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டார்கள். மாடு கன்று விஷயத்தில் வட அயர்லாந்து ஐரோப்பாவின் சட்டத்தோடேயே நின்றது. பிரிட்டன் மட்டும் வெளியே போனது. இப்போது அயர்லாந்துக் காளைக்கு ஸ்காட்லாந்து அந்நிய தேசம்.

இதை மெர்வினின் மனைவி ஹேசல் விவசாயப் பத்திரிகையில் படித்தே சொன்னாள்.

"இந்த வருஷம் சந்தை வேண்டாம், மெர்வின். பேப்பர்ல என்னென்னமோ விதி போட்டிருக்கான்."

"பேப்பர்காரன் மாடு வளர்த்திருக்கானா?"

"நீ பேப்பர் படிச்சிருக்கியா?"

காளை லாரியில் ஏறிவிட்டது.

சந்தையில் கூட்டம் பாதிகூட இல்லை. வாங்கிய காளையை வீட்டுக்குக் கொண்டுபோக ஆயிரம் தொல்லை என்று தெற்கத்திக்காரர் ஒருவரும் கப்பலேறவில்லை. உள்ளூர்க்காரர் இரண்டு பேர் சோம்பலாகக் கை தூக்கினார்கள். நின்ற விலையைக் கேட்டுப் பிரிகேடியரே வெட்கப்பட்டிருக்கும். வேறு யாராக இருந்தாலும், வந்தவரை லாபம் என்று விற்றுத் தொலைத்திருப்பார்கள். மெர்வின் கூரையைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வெளியே நடந்தார்.

கப்பல்துறையில் அரசாங்கக் கால்நடை டாக்டர் ஒரு பெண். ரொம்ப மரியாதையான பெண். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க தாராளமா போகலாம் சார். காளை போக முடியாது."

"ஏம்மா, நான் பிரிட்டிஷ்காரன். இது பிரிட்டிஷ் காளை. நீ நிக்கிற தரையும் பிரிட்டன்."

"அதுதான் சார் பிரச்சினையே. அயர்லாந்துத் தீவுக்குள்ள போற மாடு பிரிட்டன்ல இருந்து வரக் கூடாது. பிரிட்டனுக்குள்ள ஒருதரம் வந்துட்டா, ஆறு மாசம் இங்கேயே இருந்துட்டுத்தான் போகணும்."

"இது பொறந்ததே என் கொட்டகையிலம்மா!"

"பொறந்தது சரி சார். நேத்து ராத்திரி எங்க படுத்துச்சு?"

வாழ்நாள் முழுக்க 'நானும் பிரிட்டன்தான்' என்று முரசு கொட்டிய மனிதரைப் பார்த்துப் பிரிட்டன் கேட்ட முதல் கேள்வி அது.

பிரிகேடியரை ஒரு ஸ்காட்லாந்துப் பண்ணையில் விட்டுவிட்டு, காலி லாரியோடு திரும்பினார். தீனிக்கும் இடத்துக்கும் அந்தப் பண்ணைக்காரர் வாரவாடகை வாங்கினார். வாங்கிக்கொண்டே தன் பசுக்களையும் பிரிகேடியரோடு மேயவிட்டார். அதற்கு அவர் வாடகை கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மெர்வினின் கவலை வாடகை அல்ல. வசந்தம் பிறந்தால் பசுக்கள் சினைபிடித்தாக வேண்டும். காளை திரும்புவதோ கோடைக் கடைசியில். சினை தவறினால் வரும் வருஷம் கன்று கிடையாது. கன்று இல்லையென்றால் அந்த மலட்டு மண்ணில் விற்க வேறொன்றும் கிடையாது. பண்ணையையே விற்க வேண்டியதுதான். ஊசிபோட்டுச் சினையாக்கும் வித்தையை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அப்பன் முகம் தெரியாத கன்று தன் கொட்டகையில் பிறக்கக் கூடாதாம்.

"அப்பன் முகம் தெரியணும்னா ஓடைக்கு அந்தப்பக்கம் பாரு," என்றாள் ஹேசல். "கர்தினால் சும்மாதானே நிக்குது."

கர்தினால் என்பது ஃபெலிமின் காளை, போப்புக்கு அடுத்த குருமாரின் பட்டத்தைத் தாங்கியது. செம்பட்டை நிறம், அகன்ற நெற்றி, யாரையும் ஆசீர்வதிக்கிற மாதிரி ஒரு பார்வை.

"கத்தோலிக்கக் காளையா? என் பசுக்களுக்கா?"

"பசுக்களைக் கேட்டியா நீ?"

கடைசியில் ஒருநாள் மெர்வின் ஓடைக்கரையில் போய் நின்றார். அந்த ஊரில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. முதலில் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் புல்லைப் பற்றி. அப்புறம் மறுபடி மழையைப் பற்றி.

"மெர்வின்," என்றார் ஃபெலிம். "மழை ரெண்டு தரம் பெஞ்சாச்சு. காளை வேணும்னா வாயைத் திறந்து கேளுய்யா."

"நான் கேக்கல. நீயா குடுத்தா வேண்டாங்கல."

"குடுக்கறேன். ஒண்ணு மட்டும். ஞாயித்துக்கிழமை அவனைத் தொந்தரவு பண்ணாதே. பூசைக்கிழமை."

"என் பசுவும் ஞாயித்துக்கிழமை இந்த வேலைக்கெல்லாம் சம்மதிக்காது," என்றார் மெர்வின், விறைப்பாக.

உள்ளூர்க் கால்நடை டாக்டர் ஊசி குத்தி நோய் இல்லையென்று பார்த்து ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டார். கர்தினால் பாலத்தின்மேல் ஆடி அசைந்து எல்லையைத் தாண்டியது. வேலி எழும்பும் என்று மெர்வின் காத்திருந்த இடம் அதுதான்.

ஜூலை பன்னிரண்டு வந்தது. ஊர்வலம் வழக்கம்போல மெர்வினின் வயலோரமாகவே வந்தது. ஆரஞ்சுப் பட்டைக்காரர்களின் முரசு அதிர்ந்ததும் கர்தினால் தலை நிமிர்ந்து, வேலியை ஒட்டியே, முரசுக்கு ஈடாக வயலின் கடைசிவரை கூட நடந்தது. அன்றைக்கு அதைவிட ஒழுங்காக அடியெடுத்து வைத்தவர் ஒருவருமில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார்கள்.

"மெர்வின், புது ஆளு யாருய்யா?" என்றார் பின்னால் வந்தவர். "பட்டை ஒண்ணு தைக்கச் சொல்லிடலாமா?"

மெர்வின் காது கேட்காதவர்போல நடந்தார். காது மட்டும் சிவந்து கிடந்தது.

கோடை முடிந்து பிரிகேடியர் திரும்பியது. ஸ்காட்லாந்துத் தீனியில் ஊதி, லாரியைவிட்டு இறங்கவே பிகு பண்ணியது. பசுக்கள் அத்தனையும் சினையாக நின்றதைக் கண்டு வேலிக்கருகே நின்று ஒருமுறை கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. அடுத்த வசந்தத்தில் கொட்டகை நிறையக் கன்றுகள். அத்தனையும் செம்பட்டை, அத்தனைக்கும் அகன்ற நெற்றி.

கன்றுகள் வளர்ந்ததும் தெற்கிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். இதற்குள் கடையில் மாட்டிறைச்சி எட்டாத விலைக்குப் போயிருந்தது. தீனி விலையும் உர விலையும் கூடவே போயிருந்தன. மெர்வின் கைக்கு மட்டும் அந்த ஏற்றம் வந்து சேரவில்லை. வியாபாரி கன்றுகளைத் தடவிப் பார்த்து நல்ல விலை சொன்னார். கடல் தாண்ட வேண்டாம், ஓடை தாண்டினால் போதும் என்பதால் கொடுக்கக்கூடிய விலை. சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

மெர்வின் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

"அந்தத் தலை அந்தப்பக்கம் போச்சுன்னா," என்றாள் ஹேசல், "அடுத்த கப்பல்ல உன்னைக் கொண்டுபோய் ஸ்காட்லாந்துல விட்டுட்டு வந்துடுவேன். ஆறு மாசம்."

தலை நடுவழியில் நின்றது. பிறகு மேலே போனது, கீழே வந்தது. வியாபாரி அந்தச் சந்தை வழக்கப்படி அவர் உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்து வியாபாரத்தை முடித்தார்.

அந்தத் திசையில் அசைந்து பழக்கமில்லாத கழுத்து. சுளுக்குப் போக ஹேசல் ஒரு வாரம் தைலம் தேய்த்தாள். ஓடைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஃபெலிம் கொடுத்தனுப்பிய தைலம்தான்.