நான் முடிந்த முடிச்சும் என் மகனின் கண்ணும்

என் பிள்ளையின் கண்ணை முருகன் காத்ததைச் சொல்வதற்கு முன், நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். அதை மறைத்தால் இது சாட்சி ஆகாது.

என் மகன் கவின் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி விளையாடுகிறவன். கனடாவின் எட்மண்டனில் எங்கள் சொந்தத்துக்குள் டாக்டர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார். பனிக்கட்டியில் சறுக்கி அடிபடுகிறவன் இவன் ஒருவன்தான். பயமும் வெட்கமும் சேர்ந்து, போன தை மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் நேர்த்தி வைத்தேன். இந்த விளையாட்டு அவனை விட்டுப் போகட்டும் என்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி அறையில் வைத்தேன்.

நேர்த்தி வைத்து மூன்றாம் வாரம் நடந்த ஆட்டத்தில், அவர்கள் அடிக்கிற ரப்பர் வட்டு தலைக்கவசத்தின் முகக்கண்ணாடிக்குக் கீழால் புகுந்து அவன் வலது கண்ணில் பட்டது.

கண்ணுக்குள் இரத்தம் கட்டிவிட்டது. வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. ஐந்து நாளில் கண்ணின் அழுத்தம் இறங்காவிட்டால் ஒப்பரேஷன், பிறகு விளையாட்டை மறக்கவேண்டியதுதான் என்றார் கண் டாக்டர். நான் கேட்டதுதான் நடக்கிறது என்று விளங்கியது. நானும் ஒரு தாயா?

வீட்டுக்கு ஓடினேன். முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன்.

“முருகா, நான் கேட்டதைத் திருப்பி எடுக்கிறன். அவன் விளையாடட்டும். கண்ணைத் தா.”

வெள்ளியில் கண் வடிவாகக் கண்மலர் செய்து அவனுக்குச் சாத்துவதாக வேண்டினேன். எனக்குப் பாலும் பழமும்தான் சாப்பாடு. நாலாம் நாளும் அழுத்தம் இறங்கவில்லை. ஒப்பரேஷனுக்குக் கவின் கையெழுத்தும் வைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் இரண்டு முறை அளந்தார். இறங்கியிருந்தது. கவின் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“அம்மா, உங்கட நெத்தியில திருநீறு கோணலாக் கிடக்கு.”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன்.

“இனி எனக்காக ஏதும் கேக்கிறதெண்டா, முதல்ல என்னட்டை ஒருக்கா கேளுங்கோ” என்றான்.

கண்மலர் சாத்தினோம். இந்தப் பருவம் முழு முகமூடியோடு திரும்ப விளையாடுகிறான். நானும் போய்க் கண்ணை மூடாமல் பார்க்கிறேன்.

அடியார்களே, எந்த இடரிலும் முருகனை நம்பிக் கேளுங்கள். பிழையாகக் கேட்ட எனக்கே இரங்கியவன் அவன். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கவினைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். போன சனிக்கிழமை ஒரு கோல் போதும் என்றான். முருகன் இரண்டு கொடுத்தான்.