ஏகாதசிக்கு மாற்றி எழுதிய சாப்பாடு

ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடம் ஒன்றுக்கு எங்கள் அலுவலகம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கேரியர் போகும் வீடுகளில் ஒன்று என் அப்பாவுடையது. இதய நோய்க்காக டாக்டர் அவருக்கு உப்பை நிறுத்தியிருந்தார். நான் காட்டூரில், அவர் அங்கே, வரவே மாட்டேன் என்று. நடுவில் காவிரி, பாலம், நகராத பஸ்கள், என் பதைப்பு.

நிரலில் ‘சாப்பாடு’ என்று ஒரு பேரன்ட் கிளாஸ், பெற்றோர் வகுப்பு. அதன் மெத்தட், அதாவது அது செய்யும் வேலை, அன்றைய பதார்த்தங்களைச் சொல்லும்; அந்த வீட்டுக்கு டாக்டர் விதித்த தடையையும் சேர்த்துச் சமையலறைக்கு அனுப்பும். அதன் பிள்ளையாக ‘ஏகாதசிச் சாப்பாடு’ ஒன்றை உண்டாக்கினேன். பிள்ளைக்கு எல்லாம் தானாக வந்து சேரும். சோறும் சேர்ந்து வரும். ஏகாதசியன்று சோறு கூடாதே. அதனால் அதே மெத்தட்டைப் பிள்ளையில் புதிதாக எழுதினேன்: கோதுமை ரவை உப்புமா, பழம், மோர். இனி பெற்றோருடையது ஓடாது, பிள்ளையுடையதுதான் ஓடும். ஓவர்ரைடு என்பார்கள். எழுதி முடித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பக்கத்து இருக்கையில் பாலக்கரைத் தோழி. நான் எழுதுவதைச் சோதிப்பது அவள் வேலை. யாருடைய அப்பாவும் அவளுக்கு அத்தாதான்.

“அக்கா, ஏகாதசிக்குச் சோறுதானே கிடையாது?”

“ஆமா.”

“டாக்டரும் கிடையாதா? அத்தா வீட்டு உப்புமாவுக்கு உப்புத் தடையே வரல, பாருங்க.”

பார்த்தேன். சோற்றை எடுக்கப் போய், அதே மெத்தட்டில் இருந்த டாக்டரின் சொல்லையும் எடுத்துவிட்டிருந்தேன். மறுநாள் ஏகாதசி.

“மொத்தத்தையும் ஏங்க்கா மாத்துறீங்க? மொதல்ல பேரன்ட் மெத்தட்டக் கூப்பிடுங்க, அது வேலைய அது செய்யட்டும். அப்பறம் சோத்த மட்டும் மாத்துங்க. நோன்பு மாசத்துல எங்கம்மா சாப்பிடுற நேரம் மாறும். அதுக்காக அவங்க சுகர் போயிடுமா?”

என் மெத்தட்டின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். டாக்டரின் சொல்லோடு பழையது முழுவதும் ஓடி வந்தது. அதன்மேல், சோற்றுக்குப் பதில் என் உப்புமா.

மறுநாள் மதியம் அப்பா போன் செய்தார்.

“ஏகாதசியும் அதுவுமா ஒரு உப்புமா. அதுலயும் உப்பில்ல. வாயில வைக்க முடியலம்மா. எவன் எழுதினான் இத?”

“நான்தாம்பா.”

“நன்னா எழுதின போ.”

நிறுத்தாமல் திட்டினார். அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தோழியின் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.