நாலாவது தட்டல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடவு முடிந்து இடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கிடக்கிறோம், இதில் எழுத்து வேறா? ஆனால் சொல்லாவிட்டால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. பேய் பிசாசு எதையும் நம்பாதவன் நான். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு வருடம் புளியமரத்துப் பேயாக உலவியதே நானும் என் அப்பாவின் வேட்டியும்தான். சிரிக்காதீர்கள்.

குமார் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அவனுக்குப் பேச்சு திக்கும். வார்த்தை சிக்கினால் தொடையில் மூன்று தட்டு தட்டுவான், டக் டக்... டக் என்று. பக்கத்தில் இருப்பவர் நாலாவதைத் தட்டிவிட்டால் போதும், பேச்சு மடை திறந்த மாதிரி வந்துவிடும். ஒரே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் நான். தட்டமாட்டேன். அவன் வாயைத் திறந்தபடி நிற்க, வகுப்பே சிரிக்கும். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டதில் அவனுக்குத்தான் நிம்மதி.

இப்போது அவனுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவன் வயலை நான் பார்க்கிறேன். இந்தப் புரட்டாசியில் வாய்க்கால் காய்ந்து நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. முறை வைத்துத் திறந்துவிடும் தண்ணீர் எங்களுக்கு ஒரே ஒரு பகல். அதை விட்டால் நாற்று கருகும், மறுபடி தெளிக்க அவன் வீட்டில் விதைநெல் கிடையாது. இரண்டு நாள் தூங்காமல் வாய்க்கால் வெட்டிய களைப்போடு, தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சினைப் போட்டேன். குமாரின் அம்மா கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார்.

"தூங்கிடாத தம்பி."

"இந்த எஞ்சின் போடுற கூச்சல்ல எவன் தூங்குவான் அத்தை? நீங்க போயிச் சோறாக்குங்க."

அந்தக் கூச்சல்தான் தாலாட்டியது. டுப் டுப் டுப் என்று ஒரே சீர். உச்சி வெயில், பூவரசு நிழல், சாய்ந்தேன், அவ்வளவுதான்.

டக் டக்... டக்.

நம்பினால் நம்புங்கள், எஞ்சின் சத்தத்தோடு ஒட்டாமல், தண்ணீர் கொட்டும் இரும்புக் குழாயில் யாரோ விரல் முட்டியால் தட்டுகிறார்கள். விழித்தால் ஆள் இல்லை. மறுபடியும் டக் டக்... டக். எவனோ நமக்கே ஆட்டம் காட்டுகிறான் என்று குழாயைச் சுற்றி வந்தபோதுதான் பார்த்தேன், வரப்பில் நண்டு வளை உடைந்து, இறைத்த தண்ணீர் எல்லாம் வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வைக்கோலும் சேறுமாக அள்ளித் திணித்து, அதற்கும் மேலே நானே உட்கார்ந்து அடைத்தேன். நாற்று பிழைத்தது.

தட்டல் மட்டும் நிற்கவில்லை. மூன்று தட்டு, அப்புறம் காத்திருப்பு. மூன்று தட்டு, காத்திருப்பு. நாலாவதை நான் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. பயமா, பழைய கொழுப்பா, எனக்கே தெரியாது. எஞ்சினை நிறுத்தியதும் அதுவும் நின்றது. இன்றைக்கும் அந்த எஞ்சினைப் போட்டால், மூன்று அடி முடிந்ததும் என் விரல் தானாக எழுந்து அந்தரத்தில் நிற்கிறது.

"ஒரு மாசமா புள்ள கொரலையே கேக்கலப்பா, எல்லாம் எழுதித்தான் அனுப்புறான்" என்று அத்தை நேற்றுப் புலம்பினார். நேற்று ராத்திரியே, அன்றைக்கு வயலில் நடந்ததை எல்லாம் குமாருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, "ஓசி டிக்கெட்ல வந்துட்டுப் போனியாடா?" என்று கடைசியில் ஒரு கிண்டலும் சேர்த்து அனுப்பினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

"அன்னிக்கு மத்தியானம் சிக்குன பேச்சு இன்னும் வரலடா, அந்த நாலாவதத் தட்டிவிடு."