வெறும் பாட்டில்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கொழுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. “எனக்குக் கொழுப்பு ஜாஸ்திதான். சம்பளமே அதுக்குத்தானே குடுக்கறாங்க” என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

கூடப் படித்தவர்கள் புரதம், மரபணு என்று பேர் கிடைக்கும் பக்கமாகப் போனபோது, அவள் உயிரணுவின் சவ்வைப் பிடித்துக்கொண்டாள். சவ்வு என்பது உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய தோல். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, தலையைத் தண்ணீர்ப் பக்கம் காட்டி, வாலை உள்ளே மறைத்துக்கொண்டு நிற்கும். “அது வெறும் பைதானே, உள்ள இருக்கற சரக்கைப் பாரு” என்று தோழிகள் கேலி செய்தார்கள். அவளுக்கோ பையின் மேல்தான் கண். எண்ணெயும் தண்ணீரும்போல என்று பிணக்கத்துக்கு உவமை சொல்கிறோம். அந்தப் பிணக்கம் மட்டும் இல்லாவிட்டால் உயிர் என்ற ஒன்று உள்ளே தங்கியே இருக்காது என்பாள்.

ரத்த வங்கியில் குளிரில் வைத்த சிவப்பணுக்கள் நாளாக ஆக ஏன் நொய்ந்துபோகின்றன என்பதுதான் அவள் வாழ்நாள் கேள்வி. அணுக்களை உப்புநீரில் விட்டு, சின்னக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, குளிர் அறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பாள். பிறகு குளோரோஃபாம் ஊற்றிக் குலுக்கினால் சவ்வின் கொழுப்பு அதில் கரைந்து வந்துவிடும். குளோரோஃபாம் பிளாஸ்டிக்கையும் கரைத்துக் கலந்துவிடும் என்பதால் அவள் மேசையில் எல்லாமே கண்ணாடி. புதிதாகச் சேரும் மாணவர்களை வாசலிலேயே நிறுத்தி, “செருப்பை விடற இடத்துல பிளாஸ்டிக்கையும் விட்டுட்டு வா” என்பாள். பாட்டில் கழுவும் வேலையை மட்டும் கடைசி வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

அவள் பிரித்துத் தருவதை எடை போட்டுச் சொல்பவர் அடுத்த அறைக்காரர். மூலக்கூறை எடை போடும் பெரிய இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. இவள் பிரிக்க, அவர் நிறுக்க, ஆண்டுகள் ஓடின. அவருடைய மகனும் இவளுடைய மகளும் ஒருவரையொருவர் விரும்பியதும், இரண்டு வீட்டிலும் மறுபேச்சு இல்லை. கல்யாணத்துக்கு வந்த இயக்குநர், “இனிமே இவங்க கட்டுரையைப் பங்கு பிரிக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்” என்றார். அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் சம்பந்தி.

ஓய்வு நெருங்கிய வேளையில்தான் அந்தக் கொழுப்பு தென்பட்டது. இயந்திரம் வரைந்த படத்தில், இதுவரை யாரும் சவ்வில் பார்த்திராத இடத்தில் கோடு எழும்பி ஒரு சின்ன முனை. குளிரில் அதிக நாள் இருந்த அணுக்களில் அது உயர்ந்துகொண்டே போனது. குளிரைத் தாங்க அணுவே இதைச் செய்துகொள்கிறது என்று அவள் நம்பினாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

கட்டுரையை எழுதி முடித்து நீட்டியபோது சம்பந்தி அதைப் படித்துவிட்டுத் தன் பெயரைப் பேனாவால் அடித்தார்.

“என்ன பண்றீங்க?”

“உங்க பேர்லயே போகட்டும் சம்பந்தி. நான் மெஷின் ஓட்டினவன்தானே. ரிட்டயர் ஆகறப்ப உங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்க வேண்டாமா?”

அவள் வீட்டுக்கு வந்து சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கணவர் தலையை ஆட்டினார். “இப்படியும் ஒரு மனுஷனா. பக்கத்து வீட்டுக்குக் குடுத்த ஏணி திரும்பி வராததே எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.”

கட்டுரை வந்தது. பாராட்டு வந்தது. பின்னாலேயே வேறு இரண்டு ஆய்வகங்களிலிருந்து ஒரே செய்தி வந்தது: நீங்கள் சொன்னபடியே செய்தோம், அந்தக் கொழுப்பு எங்கள் அணுக்களில் இல்லை. அவள் ரத்தத்தைச் சந்தேகப்பட்டாள், உப்பைச் சந்தேகப்பட்டாள், தன் கையையே சந்தேகப்பட்டாள். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. பொய்க் கணக்குக் காட்டியவள் என்ற பெயரோடு வெளியே போக வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டினாள்.

“அது பாட்டில் மூடியிலேர்ந்து வர்றதுதானேம்மா?” என்றாள் மகள், ஒரு சட்டைக் காலரை நீவியபடி.

“எந்த மூடி?”

“புதுசா வாங்கின பிளாஸ்டிக் மூடி. உள்பக்க வெள்ளை அட்டைல ஏதோ வழவழப்புக்குத் தடவியிருக்காங்களாம், அதுதான் கொஞ்சம் கொஞ்சமா எறங்குதுன்னு மாமா சொன்னாரே.” சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது.

“எப்ப சொன்னார்?”

“சாப்பிடறப்ப ஒரு நாள்.”

“அதான் எப்ப?”

“நம்ம பெரியவனுக்கு மொதல் பல்லு விழுந்துச்சுல்ல, அன்னைக்கு.” மகள் தலை நிமிரவில்லை. “உங்கம்மாகிட்ட நானே பேசிக்கறேன், நீ பேச்சை எடுக்காதேன்னார்.”

பேரனின் பல் விழுந்தது கோடை விடுமுறையில். கட்டுரையை அனுப்பியது பள்ளி திறந்த பிறகு. அவளுக்குக் கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை.

முன்னறையில் சம்பந்தி செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. “உக்காருங்க சம்பந்தி” என்றார். “அணுவே இல்லாம, வெறும் உப்புத்தண்ணி ஊத்தின பாட்டில் ஒண்ணு குளிர் ரூம்ல மறந்துபோய்க் கெடந்துச்சு. சும்மா ஓட்டிப் பாத்தேன். அதே முனை.”

அவளுக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அவளும் வெறும் பாட்டில் வைத்திருந்தாள். ஆனால் அதை அன்றன்றைக்குப் புதிதாக எடுத்து அன்றைக்கே சோதித்துவிடுவாள். அணுக்களை வாரக்கணக்கில் காக்க வைத்தவள் வெறும் பாட்டிலைக் காக்க வைக்கவே இல்லை. பிளாஸ்டிக்கை வாசலில் நிறுத்தியவள் தலைக்கு மேல் மூடியாக அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தப்பு என்னோடதுதான்” என்றாள். “ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்க இருந்த வேகத்துல நம்பியிருப்பீங்களா? உறவுல விரிசல் வந்துடுமேன்னு யோசிச்சேன்.”

“அதான் உங்க பேரை மட்டும் பத்திரமா எடுத்துக்கிட்டீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நடந்தது நடந்துபோச்சு. கட்டுரையை வாபஸ் வாங்கறப்ப, நான் கண்டதுமே உங்ககிட்ட சொன்னதா ஒரு வரி சேத்துடுங்க. மெஷின்ல தேதி பதிஞ்சிருக்கு, யாராவது பாத்தா எனக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிடும். துறைத் தலைவர் பதவிக்கு என் பேரு போயிருக்கற நேரம்.”

“உங்க பேரை நீங்களே அடிச்சுட்டீங்க. திரும்பச் சேக்கற பழக்கம் எனக்கு இல்ல.”

வாசல்வரை கூட வந்த மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரே ஒரு வரிதானேம்மா. நான் இந்த வீட்டுல இருக்கணும்ல.”

“நீ இருக்கணும்னுதான் நான் இப்ப சத்தம் போடாம போறேன்” என்றாள் அவள்.

அடுத்த நாள் வெறும் உப்புநீர் பாட்டில்களை அடுக்கிக் குளிர் அறையில் படுக்க வைத்தாள். பாதிக்குப் பழைய மூடி, பாதிக்குப் புதிய மூடி. இந்த முறை காத்திருந்தாள். எடை போடுவதற்கு அடுத்த அறைக்குப் போகவில்லை. பாட்டில்களைப் பஞ்சில் சுற்றி வேறொரு ஊரின் ஆய்வகத்துக்குத் தானே பேருந்தில் கொண்டுபோனாள். புதிய மூடி போட்டவை எல்லாவற்றிலும் முனை இருந்தது. பழைய மூடியில் ஒன்றில்கூட இல்லை.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்த தப்பை அவளால் தாங்க முடியும். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவர், அவள் குழியை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டே வழி விட்டு ஒதுங்கி நின்றார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தச் சாப்பாட்டு மேசையில் தன் வயிற்றில் பிறந்தவளும் இருந்தாள்.

வாபஸ் கடிதத்தைச் சுருக்கமாக எழுதினாள். அந்தப் பொருள் சவ்வினுடையது அல்ல, மூடியினுடையது. ஒப்பீட்டுப் பாட்டிலை அதே காலம் வைத்துப் பார்க்கத் தவறியது என் பிழை. கணவர் படித்துவிட்டு, “அந்தாளைப் பத்தி ஒண்ணுமே இல்லையே? தேதியோட எழுதிக் கிழிச்சிருக்கலாமே” என்றார்.

“கிழிஞ்சா நம்ம பொண்ணு வீடும் சேந்து கிழியும். பொய்யும் எழுதல, பழியும் எழுதல. போதும்.”

கடிதம் அச்சில் வந்த நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த அழைப்பு.

“வந்துடுச்சாம்மா? என்ன எழுதியிருக்கே?”

“மூடின்னு எழுதியிருக்கேன். என் தப்புன்னு எழுதியிருக்கேன்.”

“மாமாவைப் பத்தி?”

“ஒண்ணும் இல்ல.”

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, இனி அங்கே உன்னை என்ன சொல்வார்கள் என்று மகள் கேட்பாள் என அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மகள் அதற்குள் முகத்தைத் திருப்பிவிட்டிருந்தாள். குரல் சற்றுத் தள்ளி, லேசாகிப்போய்க் கேட்டது.

“மாமா, கவலைப்படாதீங்க. உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலையாம்.”