மைனஸ் பதினெட்டை நான் படித்த விதம்

டிரைவர் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் நான் கால் டாக்ஸி ஓட்டுவதாகவே நினைக்கிறார்கள். சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் குட்டி புரோகிராமுக்கும் அதுதான் பெயர். அடையாறில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. கோடில் தப்பை விட்டுவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

சென்னையில் ஏது மைனஸ்?

ஃப்ரீசருக்குள் எத்தனை டிகிரி என்று காட்டி, குளிர் குறைந்தால் அலாரம் அடிக்கும் கருவி ஒன்றுக்கு டிரைவர் எழுதினேன். சென்சார் எட்டு பிட்டில், அதாவது எட்டு ஒன்று-சைபர்களில், எண் அனுப்பும். முதல் பிட் ஒன்று என்றால் மைனஸ். நான் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் பிளஸ்ஸாகவே படித்துவிட்டேன். அப்படிப் படித்தால் மைனஸ் ஒன்று, இருநூற்று ஐம்பத்தைந்து ஆகிவிடும். மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது முப்பத்திரண்டு காட்டியது. மிகச் சரி.

பக்கத்து சீட் நஸீமா, "ஜீரோவுக்குக் கீழ டெஸ்ட் பண்ணியா?" என்றாள். சென்னையில் ஏது மைனஸ் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊருக்கு இல்லப்பா, பெட்டிக்குள்ள இருக்கு."

இருநூற்று முப்பத்தெட்டு

சாந்தோமில் மீன் விற்கும் லூர்து அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் சேர்ந்து ஒரு பெரிய ஃப்ரீசர் வைத்திருந்தார்கள். கருவியை மாட்டிவிட்டு, குளிர் நாலு டிகிரிக்கு இறங்கியதும் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை அக்கா போன் செய்தார். "எரநூத்தி முப்பத்தெட்டுன்னு காட்டுது நைனா, அலாரம் கத்திக்கினே கீது."

நஸீமா கேட்டது நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு, "வயர் லூஸா இருக்கும்க்கா, நாளன்னைக்கு வரேன்" என்றேன். சத்தம் தாங்காமல் அக்கா அலாரத்தைப் பிடுங்கிவிட்டார். அடுத்த நாள் கம்ப்ரெஸர் நின்றது. நான் போனபோது கெட்டுப்போன வஞ்சிரத்தையும் சங்கராவையும் மணலில் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இருபத்தொன்பது. அது சரியான எண்.

"பொய் சொல்லுதேன்னு வாய அடைச்சேன். நெசம் சொல்றப்போ அதுக்கு வாயில்ல" என்றார் அக்கா.

ஒரு வரி

ஆபீசில், ஜீரோவுக்குக் கீழே இறங்கட்டும் என்று ஐஸும் உப்பும் போட்ட டம்ளரில் சென்சாரை வைத்தேன். இருநூற்று ஐம்பது. நஸீமா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள். எண்ணுக்கு மைனஸும் உண்டு என்று கோடில் ஒரு வரி மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜர் வரதனிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வயர் லூஸ்னே இருக்கட்டும். அலாரத்தைப் புடுங்கினது அவங்கதானே?"

மீண்டும் சாந்தோம்

புது புரோகிராமை ஏற்றினேன். திரையில் இருநூற்று முப்பத்தெட்டு இருந்த இடத்தில் மைனஸ் பதினெட்டு. பெட்டியில் பாதிகூட மீன் இல்லை. அக்கா மட்டும்தான் இருந்தார். "வயர் இல்லக்கா, நான் எழுதினதுதான் தப்பு" என்றேன். அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நான்தான் கெடுத்தேன்னு அஞ்சு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அவங்களாண்ட வந்து சொல்லு."

ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன், மூன்று வீட்டில் நம்பினார்கள். என் சர்வீஸில் இதுவரை கிடைத்த நல்ல டெஸ்ட் ரிசல்ட் அதுதான்.