மாமா கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃப்

தொண்ணூறுகளில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் தொளதொள ஜீன்ஸும் முழங்கை தாண்டித் தொங்கும் டி-ஷர்ட்டுமாகத் திரிந்துகொண்டிருந்தபோது, என் மாமா மட்டும் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தவர் போல நடந்துகொண்டிருப்பார். தொப்புளை மறைக்கும் உயரத்தில் பேண்ட், அதன் முன்பக்கம் ஆழமான மடிப்புகள், முழுக்கை வெள்ளைச் சட்டை, பென்சிலால் கோடு போட்டதுபோல் மீசை, பழுப்பும் வெள்ளையும் கலந்த ஷூ. முடியை க்ரீம் தடவி நெற்றிக்கு மேலே தூக்கி வாரி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை வீட்டில் வேறு யாரும் கண்ணாடி பார்க்க முடியாது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோதும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், கோட்டுத் துணிப் பிரிவில் மாமாவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் பழைய படம் போட்டால் அவர் கதையைப் பார்க்க மாட்டார். கதாநாயகி குமுறி அழுதுகொண்டிருப்பாள். மாமா, "அந்தக் கோட்டுத் தோளைப் பாரு, ஒரு சுருக்கம் இல்ல" என்பார்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் மாமா கழுத்தில் ஸ்கார்ஃப் கட்ட ஆரம்பித்தார். மெரூன் நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி போட்டது. முக்கோணமாக மடித்து, கழுத்தைச் சுற்றி, நுனிகளைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார். சென்னை வெயிலில் அதைப் பார்த்தாலே நமக்கு வியர்க்கும். கடையில் எல்லாரும் புகழ்ந்தார்களாம். குரலும் அந்த வருஷம்தான் கரகரத்தது. சளி என்றார்.

அவரோடு தையல்கடைக்குப் போவது எனக்குப் பிடிக்கும். அந்தத் தடவை டெய்லர் இடுப்பை அளந்துவிட்டு டேப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இன்னா நைனா, போன தபா முப்பத்திரண்டு. இப்போ இருபத்தெட்டு கீது. வூட்ல சோறு போடலியா?"

"நீங்க லூஸாவே தைங்க மாஸ்டர். இன்னும் ரெண்டு மடிப்பு சேர்த்து வைங்க. ஆளு தெரியக்கூடாது, துணிதான் தெரியணும்" என்றார் மாமா.

நான் சிரித்தேன். டெய்லர் சிரிக்கவில்லை.

அப்போது மாமா தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் அடையாறுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் முகம் கழுவும்போது ஸ்கார்ஃப் இல்லாமல் பார்த்துவிட்டேன். கழுத்தின் ஒரு பக்கம் தோல், அனலில் வாட்டிய கத்தரிக்காய் போலக் கறுத்திருந்தது. அதன்மேல் ஊதா மையால் ஒரு கட்டம், நடுவில் ஒரு பெருக்கல் குறி. என்னவென்று கேட்டேன்.

"மேக்கப்டி. அடையாறுல ஷூட்டிங் நடக்குது. தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லாத."

நான் நம்பினேன். அவ்வளவு சிங்காரித்துக்கொள்ளும் ஒருவரை யாராவது படத்தில் நடிக்கக் கூப்பிடாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் அம்மா அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் சமையலறையில் அப்பா, "விஷயத்தைச் சொல்லிட்டுச் செய்யலாமே" என்று தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது.

"சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? ஒருத்தி வந்து பார்த்துக்கிட்டா அவன் தேறிடுவான்" என்றாள் அம்மா. பிறகு அழுதாள். கல்யாணப் பேச்சில் அம்மாக்கள் அழுவது வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் வீடு மயிலாப்பூரில். போவதற்கு முதல் நாள் மாமா வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நாளைக்கு நான் காபி குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வெச்சதும், நீ சத்தமா 'மாமா, மேக்கப்பைக் காட்டு'ன்னு கேக்கணும். நான் மாட்டேன்னு தலையாட்டுவேன். நீ விடாம ஸ்கார்ஃபை உருவிடணும். செய்வியா?"

"அம்மா திட்டுவாங்களே."

"திட்டுவாங்க. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

மாமா சினிமாவில் நடிக்கிறார் என்ற செய்தியைப் புது அத்தையிடம் நான்தான் சொல்லப்போகிறேன்! அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மாமா கோட்டும் போட்டுக்கொண்டார். பெண்ணின் அப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி டிரஸ் பண்ற பையனைப் பார்க்கிறதே அபூர்வம்" என்று மூன்று தடவை சொன்னார். அம்மா முகம் மலர்ந்துபோயிருந்தது. பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். மெலிந்த உடம்பு, கண்ணாடி போட்டிருந்தாள். மாமா காபியை மெல்ல மெல்ல, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ருசித்துக் குடிக்கிறார் என்று பெண்ணின் அப்பா சந்தோஷப்பட்டார்.

டம்ளர் கீழே வந்தது.

"மாமா, மேக்கப்பைக் காட்டு!"

மாமா தலையாட்டினார். அம்மா என் கையைப் பிடிக்க எழுந்தாள். அதற்குள் நான் ஸ்கார்ஃபின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. கழுத்தைச் சற்று உயர்த்திக் கொடுத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

கறுத்த தோலும் ஊதாக் கட்டமும் எல்லாருக்கும் தெரிந்தன. காதுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டியும் இருந்தது. அதை நானே அன்றுதான் பார்த்தேன். "இது ஷூட்டிங் மேக்கப்! மாமா தினம் அடையாறு போய்ப் போட்டுக்கறாங்க!" என்று கூவினேன். பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்க கிளம்புங்கம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமாவின் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அப்படி அடித்ததில்லை. "என் தம்பி வாழ்க்கையைக் கெடுத்துட்டியேடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். 'நான்தான் சொல்லச் சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டுக்குள் தோள் இரண்டும் குலுங்கின. அப்பாதான் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நான் மாமாவோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அவர் இருக்கும் அறைப்பக்கமே போக மாட்டேன். அம்மா ஒரு வாரத்தில் பழையபடி தலை பின்னிவிட ஆரம்பித்துவிட்டாள். மாமா சொன்னதுபோலவே மறந்துவிட்டாள். நான்தான் மறக்கவில்லை.

நான் காலேஜ் முடித்த பிறகு அப்பா ஒருநாள் சொன்னார். கல்யாணம் வேண்டாம், ஒரு பெண்ணை ஏமாற்ற வேண்டாம் என்று மாமா அம்மாவிடம் பலமுறை கெஞ்சியிருக்கிறார். அம்மா அவர் கையைத் தன் தலைமேல் வைத்து, அடையாறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்த புற்றுநோயைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வளர்த்தவளுக்குக் கொடுத்த வாக்கை மாமா மீறவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில், ஏன் என்று கேட்காமல் அவர் சொன்னதைச் செய்ய என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

இதெல்லாம் தெரியாத வயதில்தான் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மயிலாப்பூர் போய்வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கட்டிலில், வெளுத்த பச்சைச் சட்டையில், யாரோ ஒருவர் போல மாமா படுத்திருந்தார். மீசை இல்லை. கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது. அம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்தது. அம்மா காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான், அன்றைக்கு வாசற்படியில் சொன்னதுபோலவே இப்போதும் திருட்டுத்தனமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"சத்தமா சொன்னாத்தான் பேசுவேன்" என்று கையை உருவிக்கொண்டேன்.

அவர் மறுபடியும் உதட்டை அசைத்தார். நான் ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் சத்தமாகச் சொல்லட்டும் என்று அம்மா வரும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.